ஒளியை முந்த வழி இருக்கா மச்சி?

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து, மீஞ்சூரில் இறங்கி, கிழக்கே கடல் பக்கம் போனால் காட்டுப்பள்ளி. வழியில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி மாட்டினீங்கன்னா வேகத்தைப் பற்றிப் பேசவே கூடாது!

துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை... மிச்சமிருக்கும் மணலில் நின்று வடக்கே பாருங்க. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ஏவுதளம் நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். ராக்கெட் வெளிச்சம் இங்கே வர ஒரு விநாடியில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு போதும். சத்தம் அதே தூரத்தைக் கடக்க ரெண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். "அப்ப வெளிச்சத்தையே முந்துறது எதுவும் இல்லையா?" என்றான் கூட வந்த நண்பன்.

இதே கேள்வியைச் சீரியஸாகக் கேட்டவர் நம்ம தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் படித்த ஈ.சி.ஜி. சுதர்சன். நிறை உள்ள பொருளை ஒளி வேகத்துக்குத் தள்ள முடிவே இல்லாத ஆற்றல் வேணும் என்பது ஐன்ஸ்டைன் கணக்கு. சுவர் ஏறிக் குதிக்க முடியாது, சரி. பிறக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால்? 1962-ல் பிலானியுக், தேஷ்பாண்டே இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை இதைத்தான் கேட்டது. அந்தத் துகளுக்கு எல்லாமே தலைகீழ். ஆற்றல் குறையக் குறைய வேகம் கூடும்! 1967-ல் ஃபைன்பெர்க் அதற்கு 'டாக்கியான்' என்று பெயர் வைத்தார். இன்றுவரை ஒன்றுகூடச் சிக்கவில்லை. 2011-ல் இத்தாலியின் ஓபரா சோதனையில் நியூட்ரினோ 60 நானோவிநாடி முந்திவிட்டது என்று ஒரே பரபரப்பு. கடைசியில் முக்கிய வில்லன், சரியாகச் செருகாத ஃபைபர் கேபிள். நம்ம லேப் மாதிரியேதான்!

டாக்கியானில் தகவல் அனுப்ப முடிந்தால், அது நேற்றைக்கே போய்ச் சேரலாம் என்பது இன்னொரு சிக்கல். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா சுனாமி வந்த காலையில ஒரு தகவல் குடு தம்பி" என்றார்.

சிரிக்க முடியவில்லை. 2004 டிசம்பர் 26, காலை 6.28-க்கு சுமத்ராவில் பூகம்பம். அலை சென்னைக் கடற்கரைக்கு வந்தது சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து. இடையில் சுமார் 2,000 கிலோமீட்டர், ஒளிக்கு ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாத தூரம். டாக்கியான் எதுக்கு, சாதா போன் போதும். போன் பண்ணிச் சொல்லும் ஏற்பாடுதான் அன்றைக்கு இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல்.

பெரியவரிடம் சொன்னேன். "இப்போ போன்ல மெசேஜ் வருது தம்பி, கடலுக்குப் போகாதேன்னு. ஏற்கெனவே உள்ள போயிட்டவனுக்கு டவர் கிடைக்கணுமே" என்று வலையைத் திருப்பிப் போட்டார்.