சாளக்கிராமம் பிறந்த கடல்

நம்மவர் பூசையறைகளில் துளசி சாத்தி வழிபடும் சாளக்கிராமம், நேபாள நாட்டின் காளிகண்டகி ஆற்றிலே கிடைப்பது. ஆழ்வார் பாடல் பெற்ற அத்தலத்தை முத்திநாத்தில் வைத்துப் போற்றும் வைணவர் பலர் இன்றும் அங்கு யாத்திரை செய்கின்றனர். ஜோம்சோம் என்னும் ஊரிலிருந்து நடந்து செல்வோர் விடியலிலேயே புறப்படுதல் நன்று. நண்பகல் கடந்தால், பள்ளத்தாக்கின் வழியே மேல்நோக்கி எழும் காற்று மணலை வாரி முகத்தில் அறையும்.

ஆற்றுப்படுகையில் யாத்திரிகர் தேடியெடுக்கும் கருங்கல்லினுள்ளே சக்கரம் போன்றதொரு சுருள் காணப்படும். ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த அம்மோனைற்று என்னும் பிராணியின் ஓட்டுச்சுவடே அது. நம் வலைஞர் பிடிக்கும் கணவாய்க்கு அது தூரத்து உறவு. இதனை அறிவதால் பக்தி குன்றும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை.

கடற்பிராணி மலைமேல் ஏறியது எங்ஙனம்? பூமியின் மேலோடு பல தகடுகளாகப் பிரிந்து, மெல்ல நகர்ந்துகொண்டிருக்கின்றது. இந்தியாவைத் தாங்கிய தகடு (நம் இலங்கையும் அதன்மேலேயே அமர்ந்துள்ளது) வடக்கே நகர்ந்து, ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. இடையே கிடந்த தெதிஸ் என்னும் கடலின் அடித்தளம் நசுங்கி, மடிந்து, மேலெழுந்தது. எவரெஸ்டின் உச்சிப் பாறைகூடக் கடலடியிற் படிந்த சுண்ணாம்புக்கல்லே.

ஆற்றின் ஒருபுறம் 8,167 மீற்றர் உயர்ந்த தௌலகிரி. மறுபுறம் 8,091 மீற்றர் உயர்ந்த அன்னபூர்ணா. நடுவே ஏறத்தாழ 2,500 மீற்றர் உயரத்தில் ஆறு ஓடுகின்றது. இச்சிகரங்களுக்கு வடக்கே பிறந்து, மலைத்தொடரையே ஊடறுத்துத் தெற்கே வருவதால், மலையினும் ஆறு மூத்தது என்பர் அறிஞர் பலர். மலை உயர உயர, ஆறும் அறுத்துக்கொண்டே வந்ததாம்.

அம்மோதல் இன்னும் ஓயவில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் அளவான நெருக்கம் இமயத்தின் அடியிலே சேர்கின்றது. பாறைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நெடுங்காலம் அசையாதிருந்து, பின்னர் ஒரு கணத்தில் வழுக்குகின்றன. 1934ஆம் ஆண்டிலும், ஏறக்குறைய 9,000 பேரைப் பலிகொண்ட 2015ஆம் ஆண்டிலும் நிகழ்ந்தது அதுவே. 2015இல் கோர்க்காவில் தொடங்கிய பிளவு கிழக்கே காட்மாண்டுவை நோக்கி ஓடியது. மேற்குப் பகுதி விடுபடவில்லை. அங்கே 1505ஆம் ஆண்டுக்குப் பின் அத்தகைய பெரும் பூகம்பம் நிகழவில்லை என்பதே ஆய்வாளரை அஞ்சச் செய்கின்றது. 2023 நவம்பரில் மேற்கு நேபாளத்தின் ஜாஜர்கோட்டை உலுக்கியது அதனோடு ஒப்பிடச் சிறியதொரு நடுக்கமே. ஆயினும் 150 பேருக்கு மேல் மாண்டனர். நள்ளிரவை அண்டிய வேளையில், கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகள் உறங்கியோர்மீது சரிந்துவிட்டன.