மீன்சுருட்டிக்கு வந்த கோரெங் பீசாங்

மூன்று வருடம் கழித்து சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவனுக்கு ஒரு ஆசை. அங்கே உணவங்காடியில் சாயங்காலம் வாங்கித் தின்ற கோரெங் பீசாங்கை அம்மாவுக்குச் செய்து கொடுக்க வேண்டும். மலாயில் கோரெங் என்றால் பொரித்தது, பீசாங் என்றால் வாழைப்பழம். அவ்வளவுதானே என்று நினைத்துவிட்டான்.

மீன்சுருட்டி கடைத்தெருவில் நன்றாகக் கனிந்த பூவன் ஒரு சீப்பு வாங்கினான். மாவு கரைத்து, முக்கி, எண்ணெயில் போட்டால்... பழம் ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம்! வாணலியில் மிஞ்சியது கருகிய கூழ்தான்.

"வாழைக்காய்ல போட்டிருந்தா ஆளுக்கு நாலு பஜ்ஜி வந்திருக்கும்டா" என்றார் அம்மா. அப்புறம் ஒன்றும் சொல்லாமல் எண்ணெயை வடிகட்டி எடுத்து வைத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவனுக்கு.

தப்பு அவன் கையில் இல்லை, பழத்தில். வாழைக்காயில் நூற்றுக்கு 20 பங்கு போல மாவுச்சத்து இருக்கும். கனியக் கனிய அது சர்க்கரையாக மாறிவிடும். சர்க்கரை எண்ணெயில் சீக்கிரம் கருகும், குழைந்த பழத்தில் மாவு நிற்காது. நேந்திரன் மட்டும் பழுத்த பிறகும் கொஞ்சம் மாவுச்சத்தை வைத்துக்கொண்டிருக்கும். கேரளத்துப் பழம்பொரிக்கு நேந்திரனைத் தேடுவது இதனால்தான்.

அது வைகாசி மாதம். வீட்டில் பண்ருட்டிப் பலா ஒன்று இருந்தது. சிங்கப்பூரில் செம்படாக் என்று பலாவின் தம்பி மாதிரி ஒரு பழம் உண்டு. அதைக் கொட்டையோடு பொரிப்பார்கள், கொட்டையும் வெந்து மாவாக இருக்கும். அதே நினைப்பில் பலாச்சுளையையும் கொட்டையோடு போட்டான். நம்ம ஊர்ப் பலாக்கொட்டை ஐந்து நிமிடத்தில் வேகுமா? வெளியே சிவந்தது, உள்ளே கல்.

மூன்றாவது தடவை அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கெட்டியான சுளைகளாகப் பார்த்து, கொட்டையையும் உள்தோலையும் எடுத்து, நீளவாக்கில் இரண்டாகக் கீறினார்கள். ஒரு கப் மைதா, இரண்டு ஸ்பூன் அரிசி மாவு, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் மஞ்சள்தூள். இட்லி மாவு பதம். சுளையே இனிப்பு என்பதால் மாவில் சர்க்கரை வேண்டாம், போட்டால் சுளை சூடாகும் முன்பே மேலே கறுத்துவிடும். சோடாவும் போடவில்லை, கூடிப்போனால் எண்ணெய் குடிக்கும்.

சுளையை வெறும் அரிசி மாவில் ஒரு தடவை புரட்டிவிட்டு அப்புறம் கரைத்த மாவில் முக்கச் சொன்னது அம்மாதான். ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், மாவு வழுக்காது. ஒரு சொட்டு மாவு விட்டால் உடனே மேலே வர வேண்டும், அதுதான் எண்ணெயின் சூடு. ஒரு ஈட்டுக்கு நாலைந்துக்கு மேல் போட்டால் எண்ணெய் ஆறிப்போகும்.

மொறுமொறுவென்று வந்தது. அம்மா ஒன்று தின்றார். இன்னொன்று எடுத்தார். வேறு சர்டிபிகேட் எதற்கு?

மூன்று வருடமாகப் போனில் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேம்மா" என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சு நீண்டதில்லை. அவன் திரும்பிப் போய் இரண்டு வாரம் கழித்து அம்மாவிடமிருந்து போன்.

"இன்னைக்கு நானே போட்டேன்டா. கொஞ்சம் ஏலக்காய் தட்டிப் போட்டேன். நீ போட்டதவிட நல்லா இருக்கு."

அன்றைக்குப் பேச்சு அரை மணி நேரம் ஓடியது.