வாவிப் பறவைகளும் ஒரு சீமாட்டியின் தூரிகையும்

மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று போற்றுவது நம்மவர் வழக்கம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு, தெற்கே கல்முனை வரை நீண்டு கிடக்கும் வாவியே இந்நாட்டின் உயிர்நாடி. கல்லடியில் அவ்வாவியின் மீது இரு பாலங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று 2013 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதுப்பாலம். மற்றது பழைய இரும்புப் பாலம். பூரணை இரவுகளில் மீன்களின் இசையைக் கேட்க மக்கள் தோணியேறி வருவது இவ்விடத்துக்கே.

பழைய பாலம் மன்னிங் சீமாட்டியின் பெயரைத் தாங்கியது. 1918 முதல் 1925 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் வில்லியம் மன்னிங்கின் மனைவியார் அவர். ஆட்சி செய்தோரின் துணைவியர் பலர் இவ்வாறு பாலங்களிலும் வைத்தியசாலைகளிலும் பெயரளவிலேயே நமக்கு அறிமுகமாகின்றனர். அவர்களுள், தாம் கண்ணாற் கண்டதைத் தீட்டிவைத்துச் சென்ற ஒருவரும் உண்டு. அவர் வாழ்ந்தது கடலுக்கு அப்பால், சென்னையில். அவர் தீட்டிய பறவைகளின் இனத்தவையோ இன்றும் நம் வாவியில் இரை தேடுகின்றன.

எலிசபெத் குவிலிம் என்னும் அவ்வம்மையார் 1763 இல் இங்கிலாந்தின் ஹியர்போர்ட் நகரிற் பிறந்தவர். கணவர் சேர் ஹென்றி குவிலிம் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதியாக நியமனம் பெற்றபோது, 1801 இல் தம் தங்கை மேரியுடன் அங்கு வந்து சேர்ந்தார். விருந்தும் நடனமுமாகக் காலங்கழிக்க வசதி இருந்தும், அவர் தெலுங்கு கற்றார். செடி கொடிகளை ஆராய்ந்தார். பின்னாளில் தமிழ் அகராதி தொகுத்துப் புகழ்பெற்ற ரொட்லர் பாதிரியார் அம்முயற்சிக்குத் துணைநின்றார். நம் சண்பகத்துக்கு உறவான மக்னோலியா மரங்களின் ஒரு பிரிவு இன்றும் ‘குவிலிமியா’ என்றே வழங்குகிறது.

ஆயினும் அவருடைய பெருஞ்சாதனை பறவை ஓவியங்களே. உயிருள்ள பறவைகளை எதிரில் வைத்துக்கொண்டு, நாரை, பருந்து முதலியவற்றைப் பெருந்தாள்களில் இயற்கை அளவிலேயே நீர்வர்ணத்தால் தீட்டினார். இறகின் அடுக்கும் அலகின் வளைவும் அப்படியே அமைந்தன. பறவை ஓவியத்தில் உலகப் புகழ்பெற்ற அமெரிக்கரான ஓடுபன் தம் நூலை வெளியிடத் தொடங்கியது 1827 இல் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். தங்கை மேரியோ மீன்களை வரைந்தார்.

இதற்கிடையில், கணவருக்கும் அரசாங்கத்துக்கும் நகரக் காவல் அமைப்பைப் பற்றி மூண்ட பிணக்கு முற்றியது. அப்புயலின் நடுவே, 1807 டிசம்பரில், தம் நாற்பத்துநான்காம் வயதில் அம்மையார் காலமானார். சென்னைக் கோட்டையினுள் உள்ள தூய மரியாள் ஆலயத்தில் அவரது உடல் அடக்கஞ்செய்யப்பட்டது. மறு ஆண்டே கணவர் தாயகத்துக்குத் திருப்பியழைக்கப்பட்டார். ஓவியங்களை எவரும் பொருட்படுத்தவில்லை. வீட்டுப் பெண்ணொருத்தியின் பொழுதுபோக்குக்கு அறிவியலில் இடமேது என்று கருதிய காலம் அது!

நூறாண்டுக்கு மேல் மறைந்து கிடந்த அவ்வோவியங்களை 1924 இல் கேசி வூட் என்னும் கண் வைத்தியர் இலண்டனிற் கண்டெடுத்து வாங்கினார். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் அவை இப்போது பேணப்படுகின்றன. அவர் தாய்க்கும் சகோதரிக்கும் எழுதிய கடிதங்களை பிரித்தானிய நூலகம் காத்து வருகிறது. நீதிபதியின் வழக்கையும் வாதத்தையும் வரலாற்றாசிரியர் சிலரே அறிவர். மனைவியின் தூரிகைக்கோ இன்று உலகெங்கும் மதிப்பு.

மாணவர்களே, பாலமீன்மடுவில் வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு ஒருநாட் காலையிற் சென்று பாருங்கள். கண்டல் வேர்களிடையே ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு, சிறகு விரித்து வெயில் காயும் நீர்க்காகம், நீரைத் தொட்டு மீனோடு எழும் செம்பருந்து ஆகியவற்றை அங்கே காணலாம். ஒரு கொப்பியும் பென்சிலும் கைவசம் இருக்கட்டும். வேற்று நாட்டிலிருந்து வந்த ஒருத்தி ஏழாண்டுக்குட் கண்டு தீட்டியதை, இக்கரையிலேயே பிறந்து வளரும் நாம் காணாமலே கழித்துவிடலாகாது. வீட்டில் யாரேனும் ஓரமாய் அமர்ந்து பறவையொன்றை வரைந்தால், அந்தத் தாளைக் கசக்கி எறியாமல் எடுத்து வையுங்கள். வாவியின் வரலாற்றில் அதுவும் ஓர் ஏடு.