யானையும் அங்குசமும்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது என்று நம்மவர்கள் ஒரு பேச்சுப் பேசுவதுண்டு. பெரிய செலவைச் செய்துவிட்டுச் சிறிய செலவுக்குத் தயங்குகிறவனைக் கேலி செய்யப் பிறந்த பேச்சு அது. சென்ற ஆண்டு இந்தப் பேச்சு என்னைப் படாத பாடு படுத்தியது. நான் வாங்கிய யானை ஒரு ஹெட்போன். அதற்கு அங்குசம் வேண்டுமா, வேண்டாமா என்பதே வழக்கு.

முதலில் யானை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். டில்லிக்குப் படிக்க வந்த எனக்கு விடுதியில் வாய்த்த அறை நண்பர் பீகாரைச் சேர்ந்தவர். பௌதிகத்தில் ஆராய்ச்சி செய்பவர். இரவு ஒன்பதரைக்கு உறங்கி, விடியற்காலை நான்கு மணிக்கு எழும் உத்தமர். எனக்கோ இரவு பத்து மணிக்கு மேல் வயலின் கேட்காவிட்டால் ஊர் நினைவு வந்து உறக்கம் பிடிப்பதில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த நண்பர், "உங்கள் சங்கீதம் இனிமையானதுதான்; ஆனால் அதை நீங்கள் மட்டும் கேட்கும்படி ஏதாவது செய்யுங்கள்" என்று பணிவாகக் கேட்டுக் கொண்டார்.

மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த 9,000 ரூபாய் கையில் இருந்தது. ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். "என்னது? சத்தமாப் பேசு கண்ணு" என்றார். மூன்று முறை சொன்னேன். "நீ சம்பாதிச்சது, நீ வாங்கிக்க" என்றார். அவர் எப்போதும் இப்படித்தான் சத்தமாகப் பேசச் சொல்லுவார். குமாரபாளையத்தில் எங்கள் வீட்டருகே தொலைபேசித் தொடர்பு சரியில்லை என்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை விசுவவித்யாலயா நிலையத்தில் மெட்ரோ ஏறி, சாந்தினி சௌக்கில் இறங்கி, செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜபத்ராய் மார்க்கெட்டுக்குப் போனேன். அன்று நான் கற்ற பாடங்களைப் பின்னால் வரும் தம்பி தங்கையருக்காக எழுதி வைக்கிறேன்.

கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டைக் கேட்டு மயங்கக் கூடாது. அது அடியொலி அதிரும்படித் தேர்ந்தெடுத்த பாட்டு. நமக்கு அட்சரம் அட்சரமாகத் தெரிந்த நம் பாட்டையே போட்டுக் கேட்க வேண்டும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி வயலினை விழுங்குகிறதா, ஒட்டி உறவாடுகிறதா என்பது அப்போது புரிந்துவிடும். அடுத்தது, பின்புறம் திறந்த வகை, மூடிய வகை என இரண்டு உண்டு. திறந்த வகையில் இசை விசாலமாக ஒலிக்கும் என்பார்கள். ஆனால் அறை நண்பரும் சேர்ந்து கேட்பார். ஆகவே, விடுதிவாசிக்கு மூடிய வகையே கதி. மூன்றாவது, கால் மணி நேரமாவது தலையில் மாட்டிக் கொண்டு நிற்க வேண்டும். மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்குக் காதோரம் வலிக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். வலிக்கிற கருவி எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் மேசை மேல்தான் கிடக்கும்.

இந்தச் சோதனைகளில் தேறிய, கம்பியுள்ள ஹெட்போன் ஒன்றை 2,800 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். மீதி 6,200 ரூபாய். அங்குசம் வந்தது இங்கேதான்.

விடுதியின் மேல் மாடியில் நம் தமிழ் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒலிக்கருவிகளில் கரை கண்டவர். என் ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல சாமான்தான். ஆனால் இதைத் தொலைபேசியில் நேரே செருகிக் கேட்கிறாயே! தனியாக ஒரு டாக்கும் ஆம்ப்ளிஃபயரும் வேண்டாமா? யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கா யோசிக்கிறாய்?" என்றார். தம்மிடமிருந்த சிறிய பெட்டியை ஒரு வாரத்துக்கு இரவல் தந்து, பிடித்திருந்தால் 6,000 ரூபாய்க்கு எடுத்துக் கொள்ளச் சொன்னார்.

இந்தப் பெட்டி செய்யும் வேலை இரண்டு. தொலைபேசியில் பாட்டு எண்களாக உறங்குகிறது. குறுந்தகட்டின் கணக்குப்படி, ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து வைத்த எண்கள். அவற்றை மீண்டும் மின்னலையாக்குவது டாக். அந்த அலைக்கு வலுவூட்டி ஹெட்போனை இயக்குவது ஆம்ப்ளிஃபயர். இவ்விரண்டும், கம்பி செருகும் துளையுள்ள எந்தத் தொலைபேசியிலும் முன்பே சிறிய அளவில் இருக்கின்றன. துளையில்லாத தொலைபேசிக்கு வாங்குகிறோமே, விரல் நீள இணைப்புக் கம்பி, அதற்குள்ளும் பெரும்பாலும் இருக்கின்றன. கம்பியில்லா ஹெட்போனிலோ இரண்டும் அதன் வயிற்றுக்குள்ளேயே இருப்பதால், அதற்குத் தனிப் பெட்டி வாங்குவது வீண்.

அன்றிரவு பெட்டி வழியாகக் கேட்டேன். ஆகா! வில் நரம்பைத் தொடும் உராய்வு கூடக் கேட்டது. பணத்தை எண்ணி உறையில் போட்டு வைத்தேன். காலையில் அறை நண்பரிடம் இந்தப் பரவசத்தை விவரித்தேன். அவர் பல் துலக்கிக் கொண்டே, "ஒலியின் அளவு இரண்டிலும் ஒன்றுதானா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "சற்றே உரத்து ஒலிப்பதை நம் காது நல்லது என்று எண்ணும். முதலில் அதைச் சமப்படுத்துவோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அறை ஆராய்ச்சிக்கூடமாயிற்று. நண்பர் ஒரு மல்டிமீட்டர் கொண்டு வந்தார். 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, பெட்டியிலும் தொலைபேசியிலும் மின்னழுத்தம் ஒன்றாக இருக்கும்படி ஒலியளவைத் திருத்தினார். என் கண்ணைத் துண்டால் கட்டினார். நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் பெட்டி, தலை விழுந்தால் தொலைபேசி என்று கம்பியை மாற்றினார். 16 முறை. ஒவ்வொரு முறையும், "இது பெட்டி", "இது தொலைபேசி" என்று நான் அடித்துச் சொன்னேன். சந்தேகமே இல்லாமல் சொன்னேன் என்பதுதான் வேடிக்கை. முடிவில் ஒன்பது சரி, ஏழு தவறு.

"12 சரியாக இருந்தால் உங்கள் காதுக்கு வேறுபாடு தெரிகிறது என்று ஓரளவு நம்பலாம். ஒன்பதை இந்த நாணயமே சொல்லிவிடும்" என்றார் நண்பர். மேல் மாடி அண்ணனுக்கு ஆள் அனுப்பினோம். அவரும் துண்டு கட்டிக் கொண்டார், எட்டு சரி. நல்ல மனிதர், உரக்கச் சிரித்துவிட்டார்.

காரணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தோம். என் ஹெட்போனின் மின்தடை 32 ஓம். ஒரு மில்லிவாட் சக்தி கொடுத்தால் 100 டெசிபல் ஒலிக்கும். நிம்மதியாகக் கேட்க 80 டெசிபல் போதும். அதற்கு வேண்டிய சக்தி ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு! இதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வைப்பது, கிண்ணத்தில் நீர் மொள்ளக் கமலை கட்டுவது போன்றது. 300, 600 ஓம் தடையுள்ளவை, அதிகச் சக்தியை உறிஞ்சும் பிளேனார் வகை ஆகியவற்றை வைத்திருப்பவர்களுக்கு, முழு அளவு வைத்தும் ஒலி போதவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயர் தேவைதான். பாட்டில்லாத நேரத்தில் 'உஸ்' என்ற இரைச்சல் கேட்டாலும் வேறு டாக் பார்க்கலாம். அங்குசம் யானைக்கு வேண்டும். நான் வாங்கியது ஆட்டுக்குட்டி.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த 80 டெசிபல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்க அதுவே எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 90 டெசிபலில் வாரம் முழுவதற்கும் நான்கு மணி நேரமே. அதற்கடுத்த வரியில், விசைத்தறிக் கூடங்களின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும் என்று இருந்தது.

புத்தகத்தை மூடிவிட்டேன். என் அப்பா 28 ஆண்டுகளாக விசைத்தறி ஓட்டுகிறவர். நாளுக்குப் பத்து மணி நேரம். "சத்தமாப் பேசு கண்ணு" என்று அவர் சொன்னது தொலைபேசித் தொடர்பின் குறையால் அன்று.

டிசம்பர் விடுமுறையில் இரண்டு இரவு ரயிலில் கழித்து ஈரோட்டில் இறங்கினேன். உறையிலிருந்த பணத்தில் அப்பாவைச் செவிச் சோதனைக்கு அழைத்துப் போனேன். அவர்கள் தந்த வரைபடத்தில் கோடு சமமாக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் விழுந்தது போல் இறங்கியிருந்தது. இரைச்சல் முதலில் தின்பது அந்த இடத்தைத்தான் என்றார் மருத்துவர். உயிரெழுத்துகள் கேட்கும், சகரம் போன்ற உரசும் ஒலிகள் நழுவிவிடும். ஆகவே பேச்சுக் கேட்கும், ஆனால் புரியாது. உட்செவியில் அழிந்த நுண்ணிய உயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. இருப்பதைக் காப்பதே வழி.

அன்றிரவு என் ஹெட்போனை அப்பாவின் காதில் மாட்டினேன். பாட்டுப் போடுவதற்கு முன்பே அவர் முகம் மாறியது. தெருக்கோடித் தறிச் சத்தம் அவருக்குக் குறைந்திருக்க வேண்டும். "ஏங்கண்ணு, இந்த மாதிரி ஒண்ணு அப்பவே மாட்டியிருந்தா, காது தப்பிச்சிருக்குமில்ல?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அம்மாதான், "இப்பவாவது வாங்கிக் குடு சாமி" என்றாள்.

தறிக்கூடத்துக்கு வேண்டியது பாட்டுக் கேட்கும் கருவியன்று. ஒலியை அடைக்கும் காதுக் கவசம். ஈரோட்டில் தொழிற்சாலைச் சாமான் விற்கும் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. உடன் வேலை செய்பவர்கள் முதல் வாரம் அப்பாவை "பைலட்" என்று அழைத்துச் சிரித்தார்களாம். பிறகு இருவர் அதன் விலையை விசாரித்திருக்கிறார்கள்.

நண்பர்களே, நல்ல ஹெட்போன் வாங்குங்கள். கூடுதல் பெட்டி வாங்குவதற்கு முன், கண்ணைக் கட்டிக் கொண்டு கேட்டுப் பாருங்கள். ஒலியளவை ஒரு படி குறைத்தே வையுங்கள். பழுதானால் லஜபத்ராய் மார்க்கெட்டில் மாற்றிக் கொள்ள முடியாத கருவி ஒன்று உங்கள் தலையின் இருபுறமும் இருக்கிறது.

இப்போது நான் ஊருக்குப் பேசும்போது உரக்கக் கத்துவதில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, சகரத்தை அழுத்திப் பேசுகிறேன். அப்பாவுக்குப் புரிகிறது.