மாப்பிள்ளைக்கு விடுமுறை கிடைக்கும் நாள்

கடற்படைப் பையனுக்குப் பெண் கொடுப்பது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் இப்போது புதிய விஷயமில்லை. மேற்கே ரயிலேறினால் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத்தளம், 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கி வைத்தது. கிழக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளம். 2025 ஜூனில் விசாகப்பட்டினத்தில் படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். அர்ணாலா அங்கே உருவானதுதான். கப்பலும் விமானமும் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், ஒரு மாலுமியின் கல்யாணத்தை எப்படி நடத்துவது என்பது எங்கள் வீட்டுக்கு ஒன்று வந்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது.

என் அண்ணன் மகளுக்கு அமைந்த வரன் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். இரு வீடும் கத்தோலிக்கக் குடும்பம். நிச்சயம் முடிந்ததும் அண்ணன் போனில் கேட்டார்: "மாப்பிள்ளை, தேதி சொன்னீங்கன்னா மண்டபம் பிடிச்சிடலாம்."

"கப்பல் எப்போ திரும்பும்னு எனக்கே தெரியாது மாமா. தெரிஞ்சாலும் போன்ல சொல்லக் கூடாது."

அண்ணன் முகம் வாடிவிட்டது. ஆனால் அந்தப் பதிலில் இருந்த நேர்மைக்காகவே எனக்கு அந்தத் தம்பியைப் பிடித்துப்போனது.

எங்கள் முறைப்படி கல்யாணத்துக்கு முன்னால் இரு பங்குகளிலும் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்று வேண்டும். திருமணத் தயாரிப்பு வகுப்பில் இருவரும் உட்கார வேண்டும். தவக்காலத்தில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. கடலில் இருப்பவனுக்கு இவை ஒவ்வொன்றும் மலை. சில நாடுகளில் இதற்கென்றே ஏற்பாடு உண்டு. அமெரிக்கக் கடற்படையில் 1775 முதல் குருக்கள் பணியாற்றுகிறார்கள்; அங்கே படைவீரர்களுக்காகத் தனிக் கத்தோலிக்க உயர்மறைமாவட்டமே இயங்குகிறது. இத்தகைய படைத்துறை மறைமாவட்டங்களுக்குப் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் 1986இல் விதிமுறை வகுத்தார். இங்கிலாந்தின் 1949ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், படைத்தளச் சிற்றாலயங்களில் நடக்கும் கல்யாணத்துக்கென ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறது. இந்தியாவில் தரைப்படையில் பண்டிதர், மௌல்வி, கிரந்தி, பாதிரியார் என மத ஆசிரியர்கள் உண்டு. ஆனால் படைவீரர்களுக்கென்று தனிக் கத்தோலிக்க மறைமாவட்டம் இங்கே இல்லை. மாலுமியின் காகிதங்களுக்குச் சொந்த ஊர்ப் பங்குச் சாமியாரையும், தளத்துக்கு அருகிலிருக்கும் பங்குச் சாமியாரையும்தான் நம்ப வேண்டும்.

கப்பலிலேயே கேப்டன் முன்னால் முடித்துவிட முடியாதா என்று உறவில் ஒருவர் கேட்டார். சினிமா வளர்த்த நம்பிக்கை அது. அமெரிக்கக் கடற்படை விதிகள் கப்பலில் கல்யாணம் செய்துவைக்கக் கூடாது என்றே கட்டளை அதிகாரிக்குச் சொல்கின்றன. நம் நாட்டில் கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு 1872ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. குருக்கள், உரிமம் பெற்றவர்கள், திருமணப் பதிவாளர் என்று நடத்தக்கூடியவர்களை அது வரையறுக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போனால் முப்பது நாள் அறிவிப்பு உண்டு. அறிவிப்புக் கொடுத்த மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கப்பல் திரும்பத் தாமதமானால் அதுவும் கைகொடுக்காது.

படையும் ஆலயமும் ஒரே மதிலுக்குள் இருந்த இடத்தைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். சென்னைக் கோட்டைக்குள் 1680 அக்டோபர் 28 அன்று அர்ச்சிக்கப்பட்ட புனித மரியாள் ஆலயம் இருக்கிறது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கனத்த வளைவுக் கூரை போட்டுக் கட்டினார்கள். திறந்த சில நாட்களிலேயே எலிஹு யேலின் கல்யாணம் அங்கே நடந்தது. 1753 பிப்ரவரியில் ராபர்ட் கிளைவின் கல்யாணமும். கடலையும் போரையும் தொழிலாகக் கொண்டவர்களுக்கு, வேலை செய்யும் இடத்திலேயே பீடமும் பதிவேடும் இருந்தன. அந்த வசதி இன்று எங்கள் மாப்பிள்ளைக்கு இல்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

விடுமுறை கிடைத்ததும் கல்யாணம் பழவேற்காடு மகிமை மாதா கோயிலில் நடந்தது. தாலியை மந்திரித்துக் கொடுத்தபோது மாப்பிள்ளை வெள்ளைச் சீருடையில் நின்றார். வெளியே வாள்களை உயர்த்தி வளைவு பிடிப்பார்கள் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். வாள் அதிகாரிகளின் உடையோடு சேர்ந்தது, மாலுமிகளுக்குக் கிடையாது. அவருடைய நண்பர்கள் எட்டுப் பேர் வாசலில் இரு வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சல்யூட் அடித்தார்கள். மணப்பெண்ணின் கண் கலங்கிவிட்டது. வாள் இல்லாத குறை அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

பந்தியில் அந்த நண்பர்களோடு உட்கார்ந்து கடற்படைக் கல்யாண வழக்கங்களைப் பற்றிப் பேசினேன். பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு வழக்கம் உண்டு: கப்பலில் இருப்பவர்களில் யாருக்குக் கல்யாணமானாலும், அன்று பசுந்தழை வளையம் ஒன்றைக் கட்டிப் பாய்மரத்துக்கு ஏற்றுவார்கள். கேப்டனுக்கும் அதே வளையம், கடைநிலை மாலுமிக்கும் அதே வளையம். பிறக்கும் பிள்ளைக்குக் கப்பல் மணியைக் கவிழ்த்து, அதில் நீர் நிரப்பி ஞானஸ்நானம் கொடுத்து, பெயரை மணியில் பொறிப்பதும் அங்கே உண்டு. வாள் வளைவைவிட இந்தத் தழை வளையத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அதில் பதவி வேற்றுமை இல்லை. துறைமுகத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும்படி, எங்கள் ஆளுக்கு இன்று கல்யாணம் என்று கப்பலே சொல்கிறது. காட்டுப்பள்ளியில் கட்டி அனுப்பும் கப்பல்களில் நம் மாமரத்துக் கொத்தை அப்படி ஏற்றினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அக்னிவீரராகச் சேரும் பிள்ளைகள் நான்கு வருடம் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது விதி. அந்தக் காலம் முடிந்து பணியில் தொடர்பவர்களுக்கு ஊரில் பெண் தேடும் நாள் வரத்தான் போகிறது. பெண் வீட்டார் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: முகூர்த்தம், மண்டபம், பத்திரிகை எல்லாவற்றுக்கும் முன்னால் பையனுக்கு விடுமுறை உறுதியாகட்டும். பங்குச் சாமியார்களும் அவன் ஊரில் இருக்கும் நாட்களிலேயே வகுப்பையும் காகிதங்களையும் முடித்துக்கொடுங்கள், ஓலையை முன்கூட்டியே வாசித்து வையுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் அதற்குப் பிறகு கொடுக்கலாம்.