ஏத்தம் இல்லைங்க, இறக்கம்!

கொலராடோவில், டென்வரிலிருந்து ஐ-70 சாலையில் மேற்கே ஏறினால் ஐசனோவர் சுரங்கப்பாதை. உயரம் 11,158 அடி. டர்போ இல்லாத கேஸ் எஞ்சின் (ஊர்ப் பேச்சில் பெட்ரோல்) ஆயிரம் அடிக்குச் சுமார் 3% சக்தி இழக்கும். மேலே போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு காலி. ஆனாலும் முக்கி முனகி ஏறிடும். லாரிகளோடு வலது லேனில் போனா என்ன குறைச்சல்?

எனக்கு உதறல் இறக்கத்தில்தான். சுரங்கம் தாண்டியதும் சில்வர்தார்ன் வரை 7% சரிவு. பிரேக் போன லாரிகளுக்கென்றே ஓரத்தில் சரளைக்கல் மேடு போட்டு வெச்சிருக்காங்க. நமக்கோ பின்னால் மூணு டன் டிரெய்லர், பின்சீட்டில் ரெண்டு பிள்ளைங்க. டீசலில் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டுட்டா, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே வண்டி அடங்குது. கேஸில் கியரைக் குறைத்து, எஞ்சின் அலற அலற இறங்கணும்.

டீசல் எஞ்சின் கனம். அந்த எடை வண்டி தாங்கும் சுமையில் கழியும். கதவோர ஸ்டிக்கரைப் படிச்சுட்டு வாங்குங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஏரிக்கரை போறவங்களுக்கு கேஸே போதும். நாங்க கோடை முழுக்க இந்த மலையில்தான், டீசல் எடுத்தோம்.