‘அடிக்கடி’ என்னுஞ் சொல்

ஆங்கிலத்தில் ‘ஆஃபன்’ என வழங்குஞ் சொல்லைத் தமிழில் ‘அடிக்கடி’ எனப் பெயர்த்தல் மரபு. பழைய ஆங்கிலத்தில் இஃது ‘ஆஃப்ட்’ என்றே நின்றது. இடைக்காலத்தில் ‘ஆஃப்டன்’ என நீண்டது. நடுவணுள்ள டகர ஒலி பின்னர்ப் பேச்சில் மறைந்து எழுத்தில் மட்டும் எஞ்சிற்று. எழுத்தைக் கண்டு அவ்வொலியை மீட்டும் ஒலிப்பாரும் இன்று பலர், இரண்டும் வழக்கே. தமிழிலோ இத்தகைய தனிச்சொல் இன்றியும் ‘வருவதுண்டு’ என்னுந் தொடரே ஒரு செயல் பன்முறை நிகழ்தலை உணர்த்தவல்லது.

நிற்க. ‘அடிக்கடி’ எனின் எத்துணை முறை? அகராதி எண் கூறுவதில்லை. மல்லாங்கிணற்றில் பிறந்த எமக்கு இதன் விடையை எம்மூரே கற்பித்தது. வானம் பார்த்த எமது கரிசற் காட்டிலே ஐப்பசித் திங்களில் இருமுறை மழை பெய்யின், அடிக்கடி பெய்தது என எவருங் கூறார். ‘ஏதோ தூறிற்று’ என்பர். விருதுநகர் செல்லும் பஸ் வண்டி நாளில் இருமுறையே வருமாயின், அதனையும் அரிதென்றே கொள்வோம். ஆயின், ஓராண்டில் இருமுறை பட்டாசு ஆலையில் தீப்பற்றின், ‘அடிக்கடி’ என்னுஞ் சொல்லே வாயில் எழும். எண் ஒன்றே, சொல் வேறாகின்றது. ஆதலின், இச்சொல் எண்ணிக்கையை மட்டும் அளப்பதன்று. நாம் எதிர்பார்ப்பது எவ்வளவு, பொறுப்பது எவ்வளவு என்பதனையும் அளப்பதாம்.

2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையொன்று வெடித்து 35-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்திலும் பலர் மாண்டனர். மருந்து கலக்குங்கால் நேரும் சிறு உராய்வும் இத்தகைய கேட்டிற்குப் போதும். இவற்றை ‘அடிக்கடி நிகழ்வன’ எனச் சொல்லிச் சொல்லி, நாளடைவில் ‘வழக்கமாய் நிகழ்வன’ என்று கொள்ளத் தொடங்குகின்றோம். ஆங்கிலத்தில் அது ‘ஆஃபன்’ என்பது ‘யூஷுவலி’ என்பதாய் மாறுதலை ஒக்கும். முன்னதில் மிகுதியைக் கண்ட கவலைக்கு இடமுண்டு, பின்னதில் அஃதில்லை. செய்தித்தாள் படிப்பார்க்கு அவ்விபத்து அடிக்கடி வருவது. இறந்தார் இல்லத்தார்க்கோ ஒரே முறை வந்தது.

மாணவ நண்பர்காள்! இவ்விரு சொற்களையும் ஒன்றெனக் கருதி எழுதற்க, பேசவும் வேண்டா. மழையைக் குறித்து ‘அடிக்கடி’ என்னும் நாள் எம்மூர்க்கு வருக. தீயைக் குறித்து அச்சொல் வேண்டப்படாத நாளும் வருக.